முப்பத்தோராம் பக்கம்

"ஊரைப் போடாமல் ஒரு பிள்ளையை எப்பிடி—"

"ஊரைப் போட்டதுதான் பிழை அண்ணை, அதைத்தானே நான்—"

"மரியாதைக்குப் போட்டது, மெற்றில்டா. வெறும் பெயரை மட்டும் போட்டால் தாய் தேப்பன் இல்லாததுகள் மாதிரி—"

"கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. அவவின்ர கையைப் பாருங்கோ," என்றேன் நான்.

ஞானரட்ணம் அண்ணை அப்போதுதான் பார்த்தார். கிங்ஸ்பரியில் எங்கள் கோயில் மண்டபத்துக் குசினியில், தேத்தண்ணி வைக்கும் மேசைக்கு முன்னால் பின்னறை வகுப்பு ஆசிரியை அஸ்மார் இருந்தார். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் ஆண்டு மலர் விரித்தபடி கிடந்தது. முப்பத்தோராம் பக்கத்துப் படத்தின் மேல் அவர் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். விரல்கள் மட்டும் மேசையில் தட்டிக்கொண்டேயிருந்தன. அவர் தட்டவில்லை, அவை தாமாகத் தட்டின.

நாங்கள் தமிழில் சண்டை பிடித்தோம். அஸ்மாருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் எது பற்றிய சண்டை என்பது தெரிந்திருந்தது.

1989ஆம் ஆண்டு மே மாதம் அது. சனிக்கிழமைகளில் பெரிய அறையில் எங்கள் வகுப்புகள் நடக்கும். நான் அரிவரிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். ஞானரட்ணம் அண்ணை தபால் கந்தோரில் வேலை, பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பாளர், மலருக்கு ஆசிரியர், அச்சுப்பிழைக்கு எமன். பின்னறையில் பதினொரு அசீரியப் பிள்ளைகள் படித்தார்கள். ஈராக்கிலிருந்து வந்த குடும்பங்கள். அரபு நாட்டிலிருந்து வந்தாலும் அரபுக்காரர் இல்லை, எங்களைப் போலக் கிறிஸ்தவர்கள். தங்கள் மொழியை சூரத் என்பார்கள். அஸ்மார்தான் அவர்களுக்கு ஆசிரியை. கிழமை நாட்களில் ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் நின்று வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை ஈலிங்கிலிருந்து 83ஆம் இலக்க பஸ்ஸில் வருவார். அச்சடித்த பாடப்புத்தகம் அவரிடம் இல்லை. எல்லாம் தன் கையால் எழுதி, போட்டோக் கொப்பி எடுத்து, ஊசிநூலால் தைத்தது. எழுத்துகள் வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போகும். முதலெழுத்து ஆலப். எந்தத் திருநாளுக்கு எந்தப் பாட்டு, எந்த ஆட்டத்துக்கு எந்தக் கையைப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் பாடந்தான். பின்னறைத் தரை அதிரும்போது எங்கள் பிள்ளைகள் ஆத்திசூடியை விட்டுவிட்டு அங்கே எட்டிப் பார்ப்பார்கள்.

ஈலிங்கில் அவர்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏன் இவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். மண்டபம் நல்லது என்றார். மண்டபத்து அறிவிப்புப் பலகையில் பின்னறைக்கு நேரே தையல் வகுப்பு என்று எழுதியிருக்கும். ஞானரட்ணம் அண்ணை அதைப் பிழையென்று நினைத்து இரண்டு தரம் வெட்டித் திருத்தினார். இரண்டு தரமும் அடுத்த கிழமை தையல் வகுப்பாகவே மாறியிருந்தது. பலகை எழுதும் இந்த மண்டபக் காவலாளிக்குக் கண்ணும் தெரியாது, எழுத்தும் தெரியாது என்று சொல்லிச் சிரித்தோம்.

ஏப்ரல் முதலாம் திகதி அவர்களின் வருஷப் பிறப்பு. அந்த வருஷம் அது சனிக்கிழமையிலேயே வந்தது. பின்னறைக் கதவில் ஒரு கட்டுப் பச்சைப் புல்லைத் தொங்கவிட்டு, பேரீச்சம்பழம் வைத்துச் சுருட்டிய பலகாரம் கொண்டுவந்தார்கள். அன்றுதான் அஸ்மார் பேச்சுவாக்கில் சொன்னார், தங்கள் மொழியும் ஆண்டவர் யேசு பேசிய மொழியும் ஒரே குடும்பம் என்று. ஞானரட்ணம் அண்ணை பலகாரத்தை வாயில் வைத்தபடியே எழும்பிவிட்டார். அந்தப் பிள்ளைகள் அவருக்கு அன்றிலிருந்து சம்மனசுகள், வானத்துத் தூதர்கள். கமெராவைக் கொண்டுவந்து பதினொரு பேரையும் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தினார். அஸ்மார் விலகப் பார்த்தார். ஞாபகத்துக்கு ஒன்று, அவ்வளவுதான் என்றார் அண்ணை. அஸ்மார் சோக்கட்டியோடு பலகைப் பக்கம் திரும்பி நின்றார். ஆனாலும் பாதி முகம் படத்தில் விழுந்துவிட்டது.

பெயர்களைக் கொடுத்தது நான். அஸ்மார் தேநீர் ஊற்றக் குசினிக்குப் போன நேரம் பிள்ளைகளிடம் கேட்டேன். உங்கள் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, உங்கள் ஆட்களுக்கு எந்த ஊர். பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு சொன்னார்கள். அவ்வளவு தெரிந்து வைத்திருந்தார்கள், அவ்வளவு பெருமை. மங்கலச் செய்தியானாலும் மரண அறிவித்தலானாலும் நாங்கள் அப்படித்தானே எழுதுவோம்: இன்ன ஊர் இன்னாரின் பிள்ளை. அஸ்மாரின் ஊர் எனக்கு முன்பே தெரியும். ஒரு மழைநாள் பஸ்ஸில் கேட்டிருந்தேன். அவர் யன்னலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் சொன்னார். அதையும் எழுதிக்கொடுத்தேன். அந்த ஊரின் பெயரை இதில் எழுத மாட்டேன்.

இப்போது அந்தப் பக்கம் அவர் கைக்கு அடியில் கிடந்தது. தலைப்பு: ஆண்டவர் பேசிய மொழி எங்கள் மண்டபத்தில்.

"தமிழிலை எழுதினதை அவங்கட ஆக்கள் ஆர் வாசிக்கப் போயினம்?" என்றார் அண்ணை, இப்போது குரலைத் தாழ்த்தி.

நான் படத்துக்குக் கீழே விரலை வைத்தேன். அந்தப் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும் என்று பெயர்களை ஆங்கிலத்திலும் போடுவித்தது அண்ணைதான். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

அஸ்மார் ஆங்கிலத்தில் கேட்டார், எத்தனை அச்சடித்தீர்கள் என்று. இருநூற்றைம்பது என்றேன். எங்கே இருக்கின்றன? போன ஞாயிறு பூசைக்குப் பிறகு எல்லாருக்கும் கொடுத்தோம் என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஒரு வைத்தியர் சொன்னதைக் கேட்டுக்கொள்வதுபோல.

பிறகு சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"எனக்கு ஒரு தம்பி. மோசூலில் இருக்கிறான், யோனான். கணக்கு வாத்தியார். கோயிலுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு எங்கள் எழுத்தும் எங்கள் பாட்டும் சொல்லிக் கொடுத்தான். அரசாங்க ஆட்கள் கொண்டு போனார்கள். நாலு மாதம். விடும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அவன் இனி இதைச் செய்ய மாட்டான். அவன் குடும்பத்தில் யாரும், எந்த நாட்டிலும், செய்ய மாட்டார்கள். செய்தால் அவன் பொறுப்பு." அவர் கையை எடுத்தார். படத்தில் பதினொரு பிள்ளைகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "எந்த நாட்டிலும் என்று எழுதியிருந்தது. வெளிநாட்டில் அவனுக்கு இருப்பது நான் மட்டுந்தான், அது அவர்களுக்கும் தெரியும்."

இங்கே லண்டனிலும் அவர்களின் அரசாங்கத்துக்குச் செய்தி சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். மாணவராக இருப்பார்கள், கடைக்காரராக இருப்பார்கள், சில வேளை சொந்தக்காரராகவும். அதனால்தான் ஈலிங்கில் இல்லை. அதனால்தான் தையல் வகுப்பு. அண்ணை திருத்தியதை அழித்து எழுதியது காவலாளி இல்லை, தான்தான் என்றார்.

நான் மன்னார்க்காரி. நாலு வருஷத்துக்கு முன் எங்கள் கோயில் முற்றத்தில் இராணுவத்தினர் ஆண்களை வெயிலில் இருத்தி, சாக்கால் முகம் மூடிய ஒருவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க விட்டார்கள். என் அக்காவின் மகன் நடந்தபோது அந்தச் சாக்குத் தலை ஆடியது. அதன் பிறகு அவனை நாங்கள் காணவில்லை. அந்த ஆள் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. நான் பெயரும், தகப்பன் பெயரும், ஊரும், படமும் சேர்த்து அச்சில் கொடுத்திருந்தேன். பயப்படுவது எங்கள் சனத்துக்கு மட்டும் உரியது என்பதுபோல ஒரு நினைப்பு எனக்குள் இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் பஸ்ஸில் அவர் யன்னலைப் பார்த்த நேரமே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"எல்லாத்தையும் திருப்பி எடுப்பம்," என்றார் ஞானரட்ணம் அண்ணை. தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னார்.

காரணத்தை வெளியே சொல்ல முடியாது. சொன்னால் முப்பத்தோராம் பக்கத்தைப் பார்க்காதவர்களும் பார்ப்பார்கள். அச்சுப்பிழை என்று சொல்வதாகத் தீர்மானித்தோம். அடுத்த நாள் பூசை முடிந்ததும் அண்ணை கோயில் வாசலில் நின்றார். ஒரு கால்புள்ளி விடுபட்டதற்கு அச்சகத்துக்குப் போய்ச் சண்டை பிடித்த மனிதர், வந்தவர் போனவரிடமெல்லாம் மலரில் பெரிய பிழை, புத்தகத்தைத் தாருங்கோ, அந்தத் தாளை எடுத்துவிட்டுத் தாறன் என்று கெஞ்சினார். என்ன பிழை என்று கேட்டார்கள். சொல்ல ஏலாத பிழை என்றார். இரண்டு பேர் அந்தச் சாட்டில் தாங்கள் கண்டுபிடித்த வேறு ஏழு பிழைகளையும் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார்.

மிச்சத்துக்கு வீடு வீடாகப் போனோம். சவிரிமுத்து வீட்டில்தான் சிக்கல். முப்பத்திரண்டாம் பக்கம் அதே தாளின் மறுபக்கம். அதில் அவருடைய காலஞ்சென்ற தாயாரின் நினைவுப் படம். அவர் ஐந்து பிரதி வாங்கி வைத்திருந்தார்.

"என்ன அண்ணை, நீங்கள் பிழை விட்டதுக்கு என்ர அம்மாவின்ர தலையையோ வெட்டுறது?"

அண்ணை என்னைப் பார்த்தார். சவிரிமுத்துவுக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன், கதவைச் சாத்திவிட்டு, பெயர் ஊர் எதுவும் சொல்லாமல். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய்ச் சவர பிளேட்டைக் கொண்டுவந்தார். ஐந்து பிரதியிலும் தாயின் படத்தை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்துக்கொண்டு, ஓட்டை விழுந்த தாள்களை என்னிடம் தந்தார். வெட்டிய துண்டுகளின் மறுபக்கத்தில் பெயரோ முகமோ இல்லை என்று நான் பார்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை என் வீட்டு பிஸ்கட் ரின்னுக்குள் இருநூற்றுச் சொச்சத் தாள்கள். கனடாவுக்கும் ஊருக்கும் தபாலில் போனவற்றுக்குக் கடிதம் எழுதினோம். பத்துப் பிரதிகள் மட்டும் மீதி. அவை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கணேசலிங்கத்தின் கடையில். அண்ணை வேலையால் நேரே அங்கே வந்தார், நானும் போனேன். காசு மேசையில் மலர் ஒன்று விரித்தபடி கிடந்தது. கணேசலிங்கத்தின் கடை விளம்பரம் முப்பதாம் பக்கம். வருகிற எல்லாரும் பார்க்கட்டும் என்று அவர் எப்போதும் அந்த இடத்தில்தான் விரித்து வைப்பாராம். எதிர்ப்பக்கம் முப்பத்தொன்று.

அடியில் கிடந்தவற்றையும் சேர்த்து எண்ணினேன். ஒன்பது.

"ஒண்டு ஆருக்குக் குடுத்தனீங்கள், தம்பி?"

"தமிழ் ஆள் இல்லை அக்கா. முந்தநாள் தேயிலை வாங்க வந்தவர். அரபுக்காரர் மாதிரி. படத்தைப் பார்த்திட்டு அப்பிடியே நிண்டிட்டார். ஒவ்வொரு பெயரா விரல் வச்சு வாசிச்சவர். ஆசைப்படுறார் எண்டு சும்மா குடுத்தன்."

அண்ணை காசு மேசையைப் பிடித்துக்கொண்டார். வேறென்ன கேட்டார் என்று நான் விசாரித்தேன். கணேசலிங்கம் சந்தோஷமாகவே சொன்னார். மண்டபம் எங்கே என்று கேட்டாராம். ஆள் நல்ல மரியாதையான ஆள் என்றபடியால் தாளில் வழி கீறிக் கொடுத்தாராம். சனிக்கிழமை, இரண்டு மணி, பின்கதவு. வயது நாற்பது நாற்பத்தைந்து இருக்கும், தோல் ஜாக்கெற், வலக்கையில் இரண்டு விரல் மடங்காது.

"ஏன் அக்கா, பிழையான ஆளோ?"

தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

அன்று பின்னேரம் அஸ்மாருக்கு ரெலிபோன் எடுத்தேன். முழுவதையும் சொன்னேன்.

"விரல் மடங்காது என்றா சொன்னார்?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். உங்களுக்குத் தெரிந்த ஆளா என்றேன். இல்லை என்றார். அங்கே சிறைக்கு உள்ளே போய் வந்தவர்களுக்கும் அப்படி இருக்கும், போரில் நின்றவர்களுக்கும் அப்படி இருக்கும், உள்ளே போனவர்களை அடித்தவர்களில் ஒருவனுக்கும் அப்படி இருந்ததாகத் தம்பி சொன்னான் என்றார்.

சனிக்கிழமை வரவேண்டாம், நான் கதவைப் பூட்டி வைக்கிறேன் என்றேன்.

"பூட்டினால் அவன் ஈலிங்குக்கு வருவான். அங்கே பதினொரு வீடு இருக்கிறது. பிள்ளைகளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் வருவேன். நான் மட்டும் இருந்தால் என்னோடு முடியும்."

உங்கள் தம்பி... என்று நான் தொடங்கினேன்.

"தம்பியைப் பற்றி நினைக்காமல் நான் ஒரு நிமிஷமும் இல்லை, மெற்றில்டா."

சனிக்கிழமை எங்கள் வகுப்புகளையும் நிறுத்தினோம். மண்டபம் முழுக்கக் கதிரைகள் மட்டும். அஸ்மார் ஒரு மணிக்கே வந்துவிட்டார். கறுப்புக் கோட், தலை வாரியிருந்தது, உதட்டில் கொஞ்சம் சாயம். கரும்பலகையை ஈரத்துணியால் மூன்று தரம் துடைத்தார். காய்ந்த பிறகும் முதலெழுத்தின் தடம் தெரிகிறது என்று சொல்லி நாலாம் தரமும் துடைத்தார். தன் கையால் எழுதிய புத்தகங்களைப் பையில் திணித்து, குசினி அடுப்பில் எரிக்கலாமா என்று கேட்டார். நான் பையைப் பறித்தேன். எங்கள் அலுமாரியில் அரிவரிப் புத்தகங்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் செருகினேன். அவசரத்தில் இரண்டு கீழே விழுந்தன. ஒன்றின் ஓரத்தில் ஏதோ ஒரு பிள்ளை மாதுளம்பழம் கீறி, சிவப்புப் பூசி, கோட்டுக்கு வெளியே போயிருந்தது.

ஞானரட்ணம் அண்ணை பின்கதவு வாசலில் குடையோடு நின்றார். மழை இல்லை. கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று கொண்டுவந்திருப்பார். ஆள் வந்தால் வகுப்பு இல்லை, இடம் மாறிவிட்டது என்று சொல்லி அனுப்புவது அவர் பொறுப்பு. ஆங்கிலத்தில் அதைச் சொல்லி இரண்டு தரம் என்னிடம் ஒப்புவித்தார்.

இரண்டு மணிக்கு யாரும் வரவில்லை. இரண்டு பத்துக்கு ஒரு பஸ் நின்று போகிற சத்தம் கேட்டது. அஸ்மார் எழும்பிக் கரும்பலகைக்கு முதுகைக் கொடுத்து நின்றார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். வெளியே அண்ணையின் குரல் கேட்டது; வகுப்பு இல்லை என்று தொடங்கி இடையிலே நின்றது. இன்னொரு குரல் கேட்டது, தாழ்வாக. பிறகு காலடி.

கதவைத் திறந்தவர் தோல் ஜாக்கெற் போட்டிருந்தார். அண்ணை அவர் பின்னால், குடையை நெஞ்சோடு பிடித்தபடி, என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார், என்னவென்று விளங்கவில்லை. வந்தவர் வெறும் கதிரைகளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். ஷ்லாமா என்றார். அது அவர்களின் வணக்கம். பின்னறையில் எந்தப் பிள்ளை அப்படிச் சொல்லிக்கொண்டு வந்தாலும் அஸ்மார் சோக்கட்டி வாயில் இருந்தால்கூடப் பதில் சொல்லுவார். இப்போது சொல்லவில்லை.

அவர் தங்கள் மொழியிலேயே இன்னும் ஏதோ பேசினார். நீளமாக இல்லை. எனக்கு அதில் ஒரு சொல்தான் பிடிபட்டது, அது ஒரு பெயர். அந்தப் பெயர் மலரில் முப்பத்தோராம் பக்கத்திலும் இல்லை, வேறு எந்தப் பக்கத்திலும் இல்லை. குசினியில் அன்று நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம், அண்ணையும் நானும் வெளியே மூச்சு விடவில்லை. அஸ்மாரின் நகம் என் கைக்குள் இறங்கியது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

வந்தவர் ஜாக்கெற்றுக்குள் கையை விட்டார். அண்ணை ஒரு அடி முன்னால் வந்தார். அவர் எடுத்தது எங்கள் மலர். அதை மேசையில் வைத்து, மடங்காத விரலால் படத்தில் அந்தப் பாதி முகத்தைத் தொட்டார். பிறகு என்னையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, எனக்கும் விளங்கட்டும் என்பதுபோல ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார்.

"யோனானின் அக்கா நீங்கள்தானே?"